வாட்டனபே – ஃபுஜி, கிசெய் 2020: ஒரு ஷோகி பட்டப் போட்டி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷோகி என்பது ஜப்பானியச் சதுரங்கம். 2020 ஜூன், ஜூலையில் நடந்த 91-ஆவது கிசெய் பட்டப் போட்டியில் 36 வயது சாம்பியன் வாட்டனபே அகிராவை 17 வயது ஃபுஜி சோட்டா 3–1 என்று வென்றார். செஸ் ஆடத் தெரிந்து, ஷோகி பக்கம் புதிதாக வருபவர்கள் இந்தப் போட்டியைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறோம். பெயர்களில், ஜப்பானிய வழக்கப்படி, குடும்பப் பெயர் முதலில் வருகிறது.

செஸ் தெரியும், ஷோகி தெரியாது. போட்டியைப் பின்தொடர என்னென்ன தெரிந்தால் போதும்?

பலகையில் குறுக்கே 9 வரிசை, நெடுக்கே 9 நிரை, மொத்தம் 81 கட்டங்கள். கருப்பு வெள்ளைக் கட்டங்கள் கிடையாது, வெறும் கோடுகள்தான். ஆளுக்கு 20 காய்கள்: ராஜா 1, செஸ் யானை போல நேராக ஓடும் ஹிஷா 1, மந்திரி போல மூலைவாட்டில் ஓடும் காக்கு 1, தங்கம் 2, வெள்ளி 2, குதிரை 2, முன்னோக்கி மட்டும் ஓடும் ஈட்டி 2, சிப்பாய் 9. சிப்பாய் நேர் முன்னால் ஒரு கட்டம் போகும், வெட்டுவதும் நேர் முன்னால்தான். குதிரையும் முன்பக்கம் மட்டுமே தாவும், அதுவும் இரண்டே கட்டங்களுக்கு.

இரு தரப்புக் காய்களும் ஒரே நிறம். கூர்முனை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதை வைத்துத்தான் காய் யாருடையது என்று சொல்ல வேண்டும். அதற்குக் காரணம் இருக்கிறது. வெட்டப்பட்ட காய் ஆட்டத்தை விட்டுப் போவதில்லை. வெட்டியவர் கைக்கு வருகிறது. பிறகு தன் முறை வரும்போது, பலகையில் ஒரு காயை நகர்த்துவதற்குப் பதிலாக, கையிலிருக்கும் காயைக் காலிக் கட்டத்தில் அவர் இறக்கலாம். நேற்று உங்கள் ராஜாவைக் காத்த வெள்ளி இன்று அதே ராஜாவின் தலைமாட்டில் எதிரியாக வந்து உட்காரும். அதனால் செஸ்ஸில் போல, காய்கள் குறையக் குறைய ஆட்டம் அமைதியாவது இங்கே நடக்காது. நேரம் ஆக ஆகச் சூடு ஏறும்.

எதிராளி பக்கத்துக் கடைசி மூன்று வரிசைகளுக்குள் நுழையும் காயைப் புரட்டிப் போட்டு உயர்த்தலாம். ராஜாவுக்கும் தங்கத்துக்கும் மட்டும் புரட்டல் இல்லை.

தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லையே. ஏன் இவ்வளவு கணக்குப் பார்க்கிறார்கள்?

இரண்டும் ஒரு கட்டம்தான் நகரும். தங்கம் நேர் முன், முன்மூலை இரண்டு, பக்கவாட்டு இரண்டு, நேர் பின் என ஆறு கட்டங்களைப் பிடிக்கும். வெள்ளி நேர் முன் ஒன்று, மூலைகள் நான்கு என ஐந்து. (வெள்ளியின் இந்த நடை நமக்கு அந்நியமில்லை. 11-ஆம் நூற்றாண்டில் அறிஞர் அல்-பிரூனி இந்தியாவில் கண்டு எழுதிய சதுரங்கத்தில் யானைக்கு இதே ஐந்து கட்டங்கள்தான்.)

ஒரு நிலையை வைத்துப் பாருங்கள். கட்டங்களைக் குறிக்கும்போது, முதலில் ஆடுபவரின் வலது ஓரத்திலிருந்து இடதுபக்கமாக நிரை எண் 1 முதல் 9 வரை. எதிர் முனையிலிருந்து அவரை நோக்கி வரிசை எண் 1 முதல் 9 வரை. எதிராளியின் ராஜா 5-1 கட்டத்தில், அதாவது அவருடைய கடைசி வரிசையின் நடுவில் இருக்கிறது. உங்கள் சிப்பாய் 5-3-இல். கையில் ஒரு தங்கம். அதை 5-2-இல், ராஜாவின் தலைக்கு நேராக இறக்குங்கள். ராஜா 4-1, 6-1 கட்டங்களுக்குப் போக முடியாது, தங்கத்தின் முன்மூலைகள் அவை. 4-2, 6-2-க்கும் போக முடியாது, தங்கம் பக்கவாட்டில் பிடிக்கிறது. தங்கத்தை வெட்டவும் முடியாது, பின்னால் சிப்பாய் காவல். மேட். இப்போது அதே இடத்தில் தங்கத்துக்குப் பதில் வெள்ளியை இறக்கிப் பாருங்கள்: வெள்ளிக்குப் பக்கவாட்டு நடை இல்லை, ராஜா 4-2 வழியாக நழுவிவிடும்.

கடைசி அடிக்குத் தங்கத்தைச் சேமித்து வைப்பதும், வெள்ளியைத் தாக்குதலின் நடுவில் செலவழிப்பதும் இதனால்தான். இந்தப் போட்டியின் இரண்டாம் ஆட்டத்தில் ஃபுஜி ஒரு வெள்ளியை எங்கே செலவழித்தார் என்பது ஏன் செய்தியானது என்று புரிய, இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிசெய் என்றால் என்ன? ஷோகியில் ஒரே உலக சாம்பியன் கிடையாதா?

கிடையாது. பெரிய பட்டங்கள் எட்டு: ரியூஓ, மெய்ஜின், ஓஇ, எய்ஓ, ஓசா, கிஓ, ஓஷோ, கிசெய். ஒவ்வொன்றுக்கும் தனிப் போட்டித் தொடர், தனிச் சாம்பியன். ஒருவரே பலவற்றை வைத்திருக்கலாம். 2020 ஜூனில் வாட்டனபே கையில் கிசெய், கிஓ, ஓஷோ என மூன்று இருந்தன. பட்டம் வைத்திருப்பவரை ‘டான்’ எனப்படும் திறன் தரத்தைச் சொல்லி அழைக்க மாட்டார்கள். ‘வாட்டனபே கிசெய்’ என்று பட்டமே பெயரோடு ஒட்டிக்கொள்ளும். எதிரே உட்கார்ந்த ஃபுஜி அப்போது 7-டான் தரத்தில் இருந்தார்.

ரியூஓ, மெய்ஜின், ஓஇ, ஓஷோ நான்கும் ஏழு ஆட்டப் போட்டிகள். ஒவ்வொரு ஆட்டமும் இரண்டு நாள். கிசெய் உள்ளிட்ட மற்ற நான்கும் ஐந்து ஆட்டப் போட்டிகள். ஒரு நாளில் ஓர் ஆட்டம் முடிந்துவிடும். மூன்று வென்றால் பட்டம்.

17 வயதில் எப்படிச் சவாலாளர் ஆனார்?

ஃபுஜி 2002 ஜூலை 19-இல் ஐச்சி மாநிலத்தின் செட்டோ நகரில் பிறந்தவர். 2016 அக்டோபர் 1-இல், 14 வயது 2 மாதத்தில் தொழில்முறை வீரரானார். அதற்கு முன் 1954-இல் கட்டோ ஹிஃபுமி வைத்திருந்த 14 வயது 7 மாதச் சாதனை முறிந்தது. அறிமுக ஆட்டத்திலிருந்தே ஒரு தோல்வியும் இல்லாமல் 29 வெற்றிகள். பள்ளி நடுநிலை வகுப்பிலேயே தொழில்முறைக்கு வந்தவர்கள் அதுவரை ஐந்தே பேர்: கட்டோ, தனிகாவா கோஜி, ஹாபு யோஷிஹாரு, வாட்டனபே அகிரா, ஃபுஜி. ஆக, பலகையின் இரு பக்கமும் உட்கார்ந்தவர்கள் ஒரே பட்டியலில் இருந்தவர்கள். வாட்டனபே 20 வயதில் ரியூஓ பட்டம் வென்று, அதைத் தொடர்ந்து ஒன்பது முறை தன்னிடமே வைத்திருந்தவர்.

கொரோனா அவசரநிலையால் 2020 ஏப்ரல், மே மாதங்களில் வெளியூர்ப் பயணம் தேவைப்பட்ட ஆட்டங்கள் நின்றுபோயின. அவை மீண்டும் தொடங்கியதும், ஜூன் 2-இல் அரையிறுதியில் சாட்டோ அமாஹிகோவையும், ஜூன் 4-இல் சவாலாளரை முடிவுசெய்யும் ஆட்டத்தில் நகாசே தகுயாவையும் ஃபுஜி வென்றார். நான்கே நாளில், ஜூன் 8-இல் முதல் ஆட்டம். அன்று அவர் வயது 17 ஆண்டு 10 மாதம் 20 நாள். யாஷிகி நொபுயுகியின் சாதனை 17 ஆண்டு 10 மாதம் 24 நாள். முதல் ஆட்டம் ஒரு வாரம் தள்ளிப் போயிருந்தால் இளம் சவாலாளர் என்ற சாதனை யாஷிகியிடமே இருந்திருக்கும்.

முதலில் ஆடுவது யார் என்று எப்படி முடிவாகிறது?

‘ஃபுரிகோமா’ என்ற முறை. ஆட்டப் பதிவாளர் சாம்பியன் பக்கத்துச் சிப்பாய்களில் ஐந்தை எடுத்து, இரு உள்ளங்கைக்குள் வைத்துக் குலுக்கி, விரித்த துணியில் போடுவார். சிப்பாயின் முன்பக்கம் அதிகம் விழுந்தால் சாம்பியன் முதலில் ஆடுவார். புரட்டிய பக்கம் அதிகம் விழுந்தால் சவாலாளர். ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தவையும் நிமிர்ந்து நின்றவையும் கணக்கில் வராது. இது முதல் ஆட்டத்துக்கு மட்டும்தான். பிறகு மாறி மாறி. கடைசி ஆட்டம் வரை போனால் மறுபடி போட்டுப் பார்ப்பார்கள்.

இந்தப் போட்டியில் 1, 3-ஆம் ஆட்டங்களில் ஃபுஜியும், 2, 4-இல் வாட்டனபேயும் முதலில் ஆடினார்கள். ஆட்டங்களின் நீளம் முறையே 157, 90, 142, 110 நகர்வுகள். யார் வென்றார் என்று கேட்காமலே இதிலிருந்து சொல்லிவிடலாம்: ஒற்றைப்படை எண் என்றால் கடைசியாகக் காய் வைத்தவர் முதலில் ஆடியவர், இரட்டைப்படை என்றால் இரண்டாமவர். முதல் ஆட்டம் தவிர மூன்றையும் இரண்டாவதாக ஆடியவரே வென்றிருக்கிறார். பொதுவாக முதலில் ஆடுபவருக்கே சற்றுச் சாதகம் இருக்கும் விளையாட்டில் இது கவனிக்க வேண்டியது.

கடிகாரம் எப்படி ஓடுகிறது? நான்கு மணி நேரம் என்கிறார்கள், ஆனால் கடைசியில் ஒரு நிமிடத்தில் ஆடுகிறார்களே?

கிசெய் போட்டியில் ஆளுக்கு 4 மணி நேரம். பழைய நிறுத்துகடிகார முறை, அதாவது ஒரு நகர்வுக்கு ஆன நேரத்தில் நிமிடத்துக்குக் குறைந்த நொடிகள் தள்ளுபடி. 59 நொடி யோசித்து ஆடினால் கணக்கில் 0 நிமிடம். 1 நிமிடம் 59 நொடி என்றால் 1 நிமிடம். இது தெரியாமல் நேரடி ஒளிபரப்பைப் பார்ப்பவர்கள், ‘இவ்வளவு யோசித்தும் நேரம் குறையவில்லையே’ என்று குழம்புவார்கள்.

3 மணி 59 நிமிடம் தீர்ந்ததும் மீதியிருக்கும் அந்த ஒரு நிமிடம் முடிவதே இல்லை: ஒவ்வொரு நகர்வையும் 60 நொடிக்குள் வைத்தால், அடுத்ததற்கும் 60 நொடி. 30, 40, 50 நொடியில் பதிவாளர் சொல்வார், பிறகு ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். பத்து வரை காய் வைக்காவிட்டால் தோல்வி. இந்த நிலையில் பெரிய சிக்கல், யோசிப்பதைச் சேமிக்க முடியாது என்பதுதான். எதிராளிக்கு இன்னும் அரை மணி இருந்தால், அவர் யோசிக்கும் நேரத்திலேயே உங்கள் பதிலையும் கண்டுபிடித்து வைத்திருக்க வேண்டும்.

முதல் ஆட்டத்தில் என்ன நடந்தது? ‘16 செக்’ என்கிறார்களே?

ஜூன் 8, டோக்கியோ சென்தகாயாவில் உள்ள ஷோகி மாளிகை. வழக்கமாகப் பட்டப் போட்டிகள் ஊர் ஊராக விடுதிகளில் நடக்கும். தொற்றுக்காலம் என்பதால் இங்கே. வாட்டனபே கிமோனோவில், ஃபுஜி கோட்டு சூட்டில், இருவருக்கும் முகக்கவசம். ஆட்டம் ‘யகுரா’, தங்கமும் வெள்ளியும் ராஜாவைச் சுற்றிக் கோட்டைபோல அமையும் பழைய தொடக்கம்.

இறுதிக்கட்டத்தைப் படிக்க ஷோகியில் ஒரே கேள்விதான்: யார் ஒரு நகர்வு முந்தி? அதை இப்படிக் கணக்கிடுவார்கள். முதலில், எதிராளி ராஜாவை இப்போதே இடைவிடாத செக்குகளால் மேட் செய்ய முடியுமா? முடியும் என்றால் வேறு எதையும் பார்க்க வேண்டாம். முடியாவிட்டால், ‘அடுத்த நகர்வில் மேட்’ என்று மிரட்டும் ஒரு நகர்வு இருக்கிறதா? இருந்தால், அதை வைத்தபின் எதிராளிக்கு ஒரு முறை கிடைக்கிறது. அந்த ஒரே முறையில் அவர் என் ராஜாவை மேட் செய்துவிடுவாரா? செய்ய முடியாது என்று உறுதியானால் மிரட்டலை வைக்கலாம். உறுதி இல்லை என்றால் தற்காக்க வேண்டும். இதில் ஆபத்தான இடம் மூன்றாவது கேள்வி. ‘மேட் ஆகாது’ என்பது கிட்டத்தட்ட என்று சொல்லக்கூடிய விஷயமல்ல. எதிராளியின் கையிருப்பில் ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தாலே விடை தலைகீழாகும்.

முதல் ஆட்டம் அந்த மூன்றாவது கேள்வியில் வந்து நின்றது. வாட்டனபே தொடர்ந்து 16 செக் கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் ராஜாவை நகர்த்துவதா, வெட்டுவதா, நடுவில் ஒரு காயை இறக்குவதா என்று தேர்வு. தவறான வழி போனால் அங்கேயே முடிந்துவிடும். ஃபுஜியின் ராஜா எல்லாவற்றையும் தாண்டி வந்தது. செக் தீர்ந்தபோது தாக்கியவரிடம் மிச்சம் எதுவும் இல்லை.

இரண்டாம் ஆட்டத்து வெள்ளிக் காய்தான் புகழ்பெற்றது. ஆனால் எங்கள் பார்வையில் இந்தப் போட்டியில் முதலில் ஆடிப் பார்க்க வேண்டியது இந்த 16 செக்தான். அதிர்ஷ்டம் என்று இதில் எதுவும் இல்லை. செக் தொடங்கும் முன்பே, ராஜாவை அந்த நிலையில் விட்டுவைக்கலாம் என்ற முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது. பின்னால் வந்த 16 பதில்களும் அந்த முடிவுக்குள் அடங்கியவை.

அந்த ‘3-1 வெள்ளி’ பற்றிச் சொல்லுங்கள். கணினியையே மிஞ்சியது உண்மையா?

ஜூன் 28, இரண்டாம் ஆட்டம், அதே மாளிகை. ஃபுஜி முதல்முறையாகக் கிமோனோ அணிந்து வந்தார், அவருடைய குரு சுகிமோட்டோ மசதாக்கா கொடுத்தது. வாட்டனபே முதலில் ஆட, மறுபடி யகுரா. 58-ஆவது நகர்வில், 23 நிமிடம் யோசித்து, ஃபுஜி கையிலிருந்த வெள்ளியை 3-1-இல் இறக்கினார்.

அவர் இரண்டாவதாக ஆடுபவர் என்பதால் 3-1 என்பது அவருடைய சொந்தக் கடைசி வரிசை. தாக்குதலுக்கு வைத்திருக்க வேண்டிய வெள்ளி, வெறும் தற்காப்பாக, எதையும் மிரட்டாமல், மூலைப்பக்கம் போய் உட்கார்ந்தது. ஆடுபவர்கள் இந்த நகர்வை வெறுப்பார்கள். காரணம் எளிது: தற்காப்பில் வைத்த காய் பிறகு முன்னேறி வராது, கையில் இருந்த ஆயுதமும் போயிற்று, முறையும் போயிற்று. ஆனால் அந்த நிலையில் வாட்டனபேயின் தாக்குதலுக்கு வேகம் வேண்டியிருந்தது. ஒரே காயில் அந்த வேகம் அடங்கிவிட்டது. 90-ஆவது நகர்வோடு ஆட்டம் முடிந்தது. இந்த வெள்ளி தனக்குத் தோன்றவே இல்லை என்றும், எப்போது பின்தங்கினோம் என்று தெரியாமலே தோற்கும் நிலைக்கு வந்துவிட்டதாகவும் வாட்டனபே பின்னர் வெளிப்படையாக எழுதினார். அப்படி எழுத ஒரு சாம்பியனுக்கு நேர்மை வேண்டும்.

கணினி பற்றி: ஒரு வலிமையான ஷோகி மென்பொருளுக்கு அந்த நிலையைக் கொடுத்தபோது, 40 கோடி நிலைகளைப் படிக்கும் வரை இந்த நகர்வு முதல் ஐந்தில்கூட வரவில்லை, 60 கோடியை எட்டியதும் திடீரென்று முதலிடத்துக்கு வந்தது. இதைச் சிலர் ‘ஃபுஜி 60 கோடி நிலைகளைப் படித்தார்’ என்று திரித்துவிட்டார்கள். 23 நிமிடத்தில் எந்த மனிதராலும் அது முடியாது. மென்பொருள் அகலமாகத் தேடி ஆழத்துக்கு மெல்ல இறங்குகிறது. தற்காப்பு நகர்வின் பலன் பல நகர்வு தள்ளித் தெரிவதால் அது பிந்துகிறது. மனிதர் எதிராளியின் ஆபத்தான இரண்டு மூன்று வழிகளை மட்டும் ஆழமாகப் பார்த்து, எல்லாவற்றையும் ஒரே காய் அடைக்கிறது என்று காண முடியும். மென்பொருளின் பதிப்பும் கணினியின் வேகமும் மாறினால் அந்த எண்ணும் மாறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் ஆட்டத்தில் மட்டும் வாட்டனபே எப்படி வென்றார்?

வீட்டுப்பாடத்தால். ஜூலை 9, டோக்கியோவில் ஒரு விடுதி. ஃபுஜி முதலில் ஆட, இருவரும் தொடக்கத்திலேயே காக்குவை மாற்றிக்கொண்டார்கள். அந்த வகை ஆட்டத்தில் ஒரே வழியைக் கணினி வைத்து வெகுதூரம் ஆராய முடியும். வாட்டனபே அப்படித் தயாரித்து வந்த பாதையில் வேகமாக ஆட, ஃபுஜி ஒவ்வொரு திருப்பத்தையும் பலகையில் யோசித்தே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சரியான நகர்வுகளைக் கண்டுபிடித்தாலும் கடிகாரம் தீர்ந்தது. இறுதிக்கட்டத்தில் நேரம் இருந்தவர் வாட்டனபே. 142 நகர்வு.

நான்காவது ஆட்டம்?

ஜூலை 16, அப்போது ஒசாகா நகருக்குள் இருந்த கன்சாய் ஷோகி மாளிகை (2024-இல் அது தகாத்சுகிக்கு மாறியது). வாட்டனபே இரண்டாம் ஆட்டத்து யகுராவுக்கே திரும்பினார். தோற்ற வழியைத் திருத்திக்கொண்டு மறுபடி கேள்வி கேட்பது பட்டப் போட்டிகளின் நல்ல வழக்கம். ஆனால் 110 நகர்வில், இரவு 7 மணிக்குச் சற்றுப் பின், அவர் தோல்வியை ஒப்புக்கொண்டார். 17 வயது 11 மாதத்தில் ஃபுஜிக்குப் பட்டம். 1990-இல் யாஷிகி இதே கிசெய் பட்டத்தை 18 வயது 6 மாதத்தில் வென்றதுதான் அதுவரை சாதனை.

அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. ஜூலை 13, 14-இல் சப்போரோவில் கிமுரா கசுகிக்கு எதிராக ஓஇ பட்டப் போட்டியின் இரண்டு நாள் ஆட்டத்தை ஃபுஜி ஆடி வென்றிருந்தார். நடுவில் ஒரே நாள்.

ஒளிபரப்பில் கணினி காட்டும் வெற்றிவாய்ப்புச் சதவீதத்தை நம்பலாமா? 90 சதவீதம் இருந்தவர் தோற்கிறாரே?

அந்தச் சதவீதம் இருவரும் சிறந்த நகர்வையே வைப்பார்கள் என்ற கணக்கில் வருவது. 90 சதவீதம் என்று காட்டும் நிலையில் சரியான நகர்வு ஒன்றே ஒன்று இருக்கலாம். அதுவும் 3-1 வெள்ளி மாதிரி யாருக்கும் தோன்றாததாக இருக்கலாம். வேறு எதை வைத்தாலும் அடுத்த நொடி 10 சதவீதம். அதனால் சதவீதத்தோடு கீழே வரும் சிறந்த நகர்வுப் பட்டியலையும் பாருங்கள். முதல் நகர்வுக்கும் இரண்டாவதற்கும் இடையே பெரிய பள்ளம் இருந்தால், முன்னிலையில் இருப்பவர்தான் ஆபத்தில் இருக்கிறார். அவர் ஒரு நிமிடக் கெடுவிலும் இருந்தால் அந்த 90-க்கு மதிப்பே இல்லை.

என்ன தவறு செய்தால் உடனே தோல்வி?

பிரபலமானது ‘நிஃபு’: ஒரே நிரையில் உங்கள் புரட்டாத சிப்பாய் இருக்கும்போது இன்னொரு சிப்பாயை அங்கே இறக்குவது. தொழில்முறையினரே இதில் விழுந்திருக்கிறார்கள்; 2015 என்எச்கே கோப்பை அரையிறுதி ஒன்று, தொலைக்காட்சியில், இப்படித்தான் முடிந்தது. கண் முழுவதும் எதிராளி ராஜாவின் பக்கம் இருக்கும்போது, அதே நிரையில் பலகையின் மறுமுனையில், தன் காலடியில் கிடக்கும் சிப்பாய் பார்வைக்கு வருவதில்லை.

மற்றவை: சிப்பாயை இறக்கி அதனாலேயே நேரடியாக மேட் செய்வது (பலகையில் இருக்கும் சிப்பாயை நகர்த்தி மேட் செய்யலாம், இறக்கிச் செக் மட்டும் கொடுக்கலாம்), நகர இடமே இல்லாத கட்டத்தில் காயை இறக்குவது, இரண்டு முறை தொடர்ந்து ஆடுவது, ராஜாவைச் செக்கில் விட்டுவிடுவது, காயை விட்டுக் கை எடுத்தபின் மாற்றி வைப்பது.

ஒரே நிலை, அதே கையிருப்போடு, அதே ஆள் முறையில், நான்கு தடவை வந்தால் சமன். அதோடு விடமாட்டார்கள். முதலில் ஆடுபவரை மாற்றி, மீதி நேரத்தோடு அன்றைக்கே மறு ஆட்டம். தொடர்ச்சியான செக்கால் அப்படி வந்தால், செக் கொடுத்தவருக்குத் தோல்வி.

‘மூடிய நகர்வு’ இந்தப் போட்டியில் இருந்ததா?

இல்லை, அது இரண்டு நாள் ஆட்டங்களுக்கு. முதல் நாள் மாலை, முறை யாருடையதோ அவர் அடுத்த நகர்வைத் தாளில் சிவப்புப் பேனாவால் குறித்து உறையில் மூடுவார். உறையில் இருவரும் கையெழுத்திடுவார்கள். மறுநாள் காலை நடுவர் பிரித்துப் படிப்பார். இரவு முழுக்க யோசிக்கும் சாதகம் ஒருவருக்கு மட்டும் போகாமல் இருக்கவே இந்த ஏற்பாடு.

வழக்கமாக இரண்டு பிரதிகள். 2020 ஓஇ போட்டியில் கிமுராவின் யோசனைப்படி மூன்றாவது பிரதியும் எழுதி, அந்த ஜூலையில் பெருமழையால் பாதிக்கப்பட்டவர்களுக்காக ஏலம் விட்டார்கள். நான்காம் ஆட்டத்தில் ஃபுஜி எழுதியது 1 கோடியே 50 லட்சம் யென்னுக்குப் போனது. அந்தப் பட்டத்தையும் ஆகஸ்ட் 20-இல் 4–0 என்று ஃபுஜி வென்றார். 46 வயதில் முதல் பட்டம் வென்றிருந்த கிமுரா அதை ஓராண்டுதான் வைத்திருக்க முடிந்தது என்பது பலருக்கும் வலித்தது.

ராஜாவை வெட்டும் வரை ஏன் ஆடுவதில்லை?

மேட் தவிர்க்க முடியாது என்று தெரிந்ததும் தோற்பவர் கையை, வெட்டிய காய்களை வைக்கும் காய்மேடையின் மேல் வைத்து, தலை குனிந்து, ‘தோற்றேன்’ என்று சொல்வார். பிறகு உடனே எழுந்து போவதில்லை. இருவரும் அதே பலகையில் திருப்பத்துக்குக் காரணமான நிலையை மறுபடி அமைத்து, எது தவறு, எது இருந்திருக்கலாம் என்று பேசுவார்கள். தோற்ற சில நிமிடத்தில் தன் தவறை வென்றவர் முன்னால் வைத்துப் பேசுவது எளிதல்ல. பட்டப் போட்டிகளிலும் இதைத் தவிர்ப்பதில்லை.

அதன் பிறகு இருவருக்கும் என்ன ஆயிற்று?

வாட்டனபே அந்த ஆகஸ்டிலேயே மெய்ஜின் பட்டம் வென்றார். 2021-இல் கிசெய் பட்டத்துக்குத் தானே சவாலாளராக வந்து 0–3 என்று தோற்றார். 2023 ஜூன் 1-இல் மெய்ஜின் பட்டத்தையும் ஃபுஜி அவரிடமிருந்து எடுத்தார். அந்த அக்டோபர் 11-இல் நகாசேயிடமிருந்து ஓசாவையும் வென்று எட்டுப் பட்டங்களும் ஒரே கையில். 253 நாள் கழித்து, 2024 ஜூன் 20-இல் எய்ஓ போட்டியில் 3–2 என்று அதை உடைத்தவர் இட்டோ தகுமி, ஃபுஜியைவிடச் சில மாதம் இளையவர். பதினொரு நாள் தள்ளி, ஜூலை 1-இல், ஐந்தாவது முறை கிசெய் வென்று, ஃபுஜி 21 வயதில் அந்தப் பட்டத்தின் வாழ்நாள் தகுதியைப் பெற்றார்.

இந்த ஆட்டங்களை வீட்டில் எப்படி ஆடிப் பார்ப்பது?

பலகையும் காயும் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் காகிதத்தில் கோடு போட்டுக்கொள்ளலாம். முதலில் ஆடுபவருக்கு 8-8-இல் காக்கு, 2-8-இல் ஹிஷா. எதிராளிக்கு 2-2-இல் காக்கு, 8-2-இல் ஹிஷா. இந்த இரண்டையும் இடம் மாற்றி வைத்துவிடுவதுதான் தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் பிழை. ஆட்டப் பதிவில் ▲ முதலாமவர், △ இரண்டாமவர். பிறகு நிரை, வரிசை, காய். 打 என்ற குறி இருந்தால் கையிலிருந்து இறக்கியது. 成 என்றால் புரட்டியது, 同 என்றால் இப்போது எதிராளி வைத்த அதே கட்டம்.

இரண்டாம் ஆட்டத்தை 57-ஆவது நகர்வு வரை வைத்துவிட்டு நிறுத்துங்கள். 23 நிமிடம் கடிகாரம் வைத்து, உங்களுக்குத் தோன்றும் நகர்வுகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் வாட்டனபே என்ன செய்வார் என்று ஒரு வரி. பிறகு வெள்ளியை 3-1-இல் இறக்கி, அதே பதில்கள் இன்னும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். முதல் ஆட்டத்தில், செக் தொடர் ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு செக்குக்கும் ராஜாவுக்கு எத்தனை வழி, அவற்றில் எது மேட்டில் முடிகிறது என்று பிரித்தெழுதுங்கள். ஒரு மாலையில் முடியாது. இரண்டு மூன்று நாள் ஆகும்.

வெட்டிய காய்களைப் பலகையின் வலப்பக்கத்தில், இருவருக்கும் தனித்தனியாக, எண்ணத் தெரியும்படி பரப்பி வையுங்கள். கையிருப்பில் ஒரு சிப்பாய் கணக்குத் தவறினாலும் அந்த 16 செக் வேறு விடையைக் காட்டும்.